மூன்றாம் வரிசைக் கதிரை: கொழும்பில் ஒரு கலியாணப் படப்பிடிப்பின் நிகழ்வு ஆய்வு

என்னுடைய கலியாணம் 2016 தை மாதம் நடந்தது. அல்பத்திலும் டிஸ்கிலும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் படங்கள். மாலையோடு, மாலை இல்லாமல், மோதிரம் மட்டும், மருதாணிக் கை மட்டும், வாசலில் கழற்றி வைத்த செருப்பு மட்டும். அப்பம்மாவும் நானும் சேர்ந்து இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை.

அப்பம்மா வராமல் இல்லை. காலை ஆறரைக்கே வந்து மூன்றாம் வரிசையில், காற்றாடிக்குக் கீழே இருந்த கதிரையில் இருந்தார். முழங்கால் வருத்தம், மணவறைப் படி ஏற ஏலாது. மேடைக்கு வந்தவர்களைக் கமராக்காரர் எடுத்தார். வராதவர் யார், எங்கே இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. எங்களில் யாரும் சொல்லவும் இல்லை. அடுத்த வருடம் ஆடியில் அப்பம்மா போய்விட்டார். அந்தியேட்டி நினைவு மலருக்குப் படம் தேடி அல்பத்தைப் புரட்டியபோதுதான் எனக்கு விஷயமே உறைத்தது.

தங்கச்சிக்குச் சம்பந்தம் சரிவந்தபோது மற்ற எல்லாப் பொறுப்பையும் விட்டுவிட்டுப் படவேலையை மட்டும் நான் எடுத்தேன். கலியாணம் 2025 ஆவணியில், வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில். எட்டு மாதத்தில் என்ன செய்தோம், எது சரிவந்தது, எது கை தவறியது என்பதை இங்கே எழுதுகிறேன். கொழும்பில் கலியாணம் வைக்கிறவர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில் சில இடங்களில் நீட்டியே எழுதியிருக்கிறேன்.

முதல் தடவை எங்கே பிழைத்தது

2016இல் ஸ்டூடியோ முதலாளி தான் எடுத்த படங்களைக் காட்டினார். வடிவான படங்கள்தான். முற்பணம் கட்டினோம், ஒரு ரசீது தந்தார். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். கலியாணத்தன்று அவர் வரவில்லை, அதே முகூர்த்தத்தில் அவருக்கு இன்னொரு கலியாணம். இரண்டு பெடியன்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், சாப்பிடக்கூட நேரமில்லாமல் நின்றார்கள். ஆனால் யார் மாமா, யார் மண்டபத்து மனேஜர் என்று அவர்களுக்குத் தெரியாது. மிச்சக் காசு முழுவதையும் அன்று இரவே கொடுத்துவிட்டோம். அல்பம் கைக்கு வரப் பதினொரு மாதம் ஆனது.

அந்த முதலாளியை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை என்று இப்போது நினைக்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் நாங்கள் கலியாணம் வைப்பதில்லை. மிச்ச மாதங்களிலும் திதி, நட்சத்திரம், இரண்டு பேருடைய சாதகம் என்று கழித்துக்கொண்டு போனால் கையில் நிற்பவை சில நாட்கள்தான். அந்த நாட்களில்தான் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம், வெள்ளவத்தை இராமகிருஷ்ண மண்டபம் தொடங்கி எல்லா மண்டபமும் நிறையும். ஒரே ஐயர், ஒரே மேளம், ஒரே சமையல்காரர், ஒரே கமராக்காரர் எல்லா வீட்டுக்கும் வேண்டும். நல்ல பெயர் எடுத்தவர் தானே இரண்டாகப் பிரியமாட்டார், ஆட்களைத்தான் பிரித்து அனுப்புவார். பேசுகிற நாளில் இதை வெளிப்படையாகக் கேட்காதது எங்கள் பிழை.

நாளும் ஆளும்

தங்கச்சிக்கு நாள் வைக்கும்போதும் இதே நெருக்கடி. நாங்கள் வாக்கிய பஞ்சாங்கம், மாப்பிள்ளை வீட்டார் திருக்கணிதம். இரண்டும் ஒத்துவந்து, மண்டபமும் கிடைக்கக்கூடிய நாள் ஆவணியில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய அதே கிழமை கமராக்காரர் தேடத் தொடங்கினோம். வழக்கமாகக் கூறையும் நகையும் எடுத்து முடித்து, செட்டியார் தெருவுக்கு நாலு தடவை போய்வந்த பிறகுதான் இந்தப் பேச்சு வரும். அப்படி விட்டிருந்தால் எங்களுக்கு யாரும் கிடைத்திருக்க மாட்டார்கள். எட்டு மாதம் முந்தியே கேட்டும், தெரிந்த தமிழ்ப் படப்பிடிப்பாளர்களில் நாலு பேர் அந்த நாளுக்கு ஏற்கெனவே பேசியிருந்தார்கள்.

கடைசியில் சரிவந்தவர் ஒரு சிங்களப் பெடியன், முப்பது வயதிருக்கும். எனக்கு அவர் மல்லி (சிங்களத்தில் தம்பி), அவருக்கு நான் அக்கா. அக்கா என்ற அந்த ஒரு சொல் இரண்டு மொழியிலும் ஒன்றாக இருப்பது கதைப் போக்கை எவ்வளவோ இலகுவாக்கியது. சிங்களக் கலியாணங்களின் பொறுவ மேடைச் சடங்குகளை நிறைய எடுத்தவர், எங்கள் கலியாணங்களில் இரண்டுக்குத்தான் போயிருக்கிறார். அப்பாவுக்குத் தயக்கம். "ஒழுங்கு தெரியாத பிள்ளை, தாலி கட்டேக்க எங்கயாவது பாத்துக்கொண்டு நிண்டால்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

நான் அவரைத் தெரிந்தெடுக்க இரண்டு காரணம். எல்லாரிடமும் நான் கேட்டது ஒன்றுதான்: உங்களுடைய சிறந்த ஐம்பது படம் வேண்டாம், ஒரே ஒரு கலியாணத்தைக் காலையிலிருந்து இரவு வரை முழுதாகக் காட்டுங்கள். பலர் பிறகு அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவில்லை. இவர் மடிக்கணினியைத் திறந்து எண்ணூறு படங்களையும் காட்டினார். அதில் கதிரையில் இருந்தபடி வெற்றிலை மடிக்கிற கிழவிகளின் படங்கள் இருந்தன. அந்த இடத்தில் என் மனம் நின்றுவிட்டது. மற்றது, போன தமிழ்க் கலியாணத்தில் தாலி கட்டியதைத் தான் பாதிதான் பிடித்ததாக அவரே சொன்னார். "அக்கா, மேளச் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். அதுக்குள்ள முடிஞ்சுது. ஒழுங்கை எனக்குச் சொல்லித் தாங்க." தன் தவறை முதல் சந்திப்பிலேயே சொல்கிறவரை நம்பலாம் என்று அம்மாவும் சொன்னார்.

மொத்தம் 320,000 ரூபாய். பேசிய அன்று கால்வாசி, கலியாணத்தன்று அரைவாசி, அல்பம் கைக்கு வந்தபின் மிச்சம். கடைசிக் கால்வாசியை நிறுத்தி வைப்பதற்கு அவர் முகம் சுளிக்கவில்லை. வீடியோ, நன்றி அட்டை, பெரிதாக்கிய இரண்டு படங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தோம். யார் வருவார்கள் என்று பெயர் எழுதி, அவருக்குச் சுகமில்லாமல் போனால் பதிலுக்கு வருகிறவரின் பெயரையும் எழுதினோம். எடுக்கிற கமராவில் இரண்டு மெமரி கார்டிலும் ஒரே நேரத்தில் படம் பதிய வேண்டும், அல்பம் முடியும்வரை மூலக் கோப்புகளை அழிக்கக் கூடாது, எங்கள் சம்மதமில்லாமல் ஒரு படமும் பேஸ்புக்கிலோ இன்ஸ்டகிராமிலோ போகக் கூடாது.

அடுத்த வரியைத் தங்கச்சி தன் கையாலேயே எழுதினாள்: முகத்தின் நிறத்தை வெளுப்பாக்கக் கூடாது. என் அல்பத்தில் என் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதாணிக் கை இன்னொரு நிறம். அது நான் இல்லை. மல்லி சொன்னது எனக்குப் புதுத் தகவல்: அநேகமானவர்கள் வெள்ளையாக்கித் தரச் சொல்லித்தான் கேட்பார்களாம், அதனால் எடிட் செய்கிற இடத்தில் கேளாமலே செய்துவிடுவார்களாம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கறுப்பு. அம்மம்மாவின் கறுப்பு, அம்மாவின் கறுப்பு, அவர்களிடமிருந்து வந்த கறுப்பு. அதை அழித்துவிட்டுப் பிறகு யாருடைய படத்தைச் சுவரில் மாட்டுவது? இந்த வரியை ஒவ்வொரு வீடும் எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பொன்னுருக்கும் முன்படமும்

கலியாணத்துக்கு முன்னே சோடியாகப் படம் எடுப்பது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. எங்களுக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு, அது மல்லிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கிக் கன்னிக்கால் நட்டுவிட்டால், அதன் பிறகு மணவறை வரைக்கும் பொம்பிளையும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அவர் முதலில் போட்டிருந்த திகதி பொன்னுருக்குக்கு இரண்டு நாள் பிந்தியது. அம்மா நாட்காட்டியைக் காட்டியதும் மாற்றி, யூலைக்குக் கொண்டுவந்தோம்.

யூலை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். காலிமுகத்திடலில் காற்று சேலையைப் பாய்மரம் போலத் தூக்கியது. கடல் கொந்தளித்து உப்புத் திவலை லென்ஸில் படிந்துகொண்டே இருந்தது, அவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்தார். அரை மணியில் அங்கிருந்து விலகிச் சுதந்திர சதுக்கத்துக்குப் போனோம். மண்டபத்தின் தூண்களுக்கு இடையில் காற்றும் இல்லை, வெயிலும் பக்கவாட்டில் மெதுவாக விழுந்தது. நல்ல படங்கள் எல்லாம் அங்கேதான் கிடைத்தன. நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் மாலை வெளிச்சம் நீண்டு நிற்காது, சூரியன் இறங்கியதும் இருள் மளமளவென்று வரும். படம் எடுக்க நாலரைக்கே போயிருக்க வேண்டும் என்பது ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்த எங்களுக்கு விளங்கியது. ட்ரோன் பறக்கவிடச் சொல்லி மச்சான்மார் கேட்டார்கள். கொழும்புக்குள் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிடமாட்டேன் என்று மல்லி ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

ஒழுங்குத் தாள்

இந்த வேலையில் எனக்கு அதிகம் பயன்பட்டது இரண்டு பக்கத் தாள் ஒன்று. சடங்கின் ஒழுங்கைத் தமிழில் எழுதி, பக்கத்தில் அவர் சிங்களத்தில் எழுதிக்கொண்டார். மாப்பிள்ளைக்குப் பால் அறுகு வைத்தல், மண்டப வாசலில் ஆலாத்தி, தோழன் வரவேற்பு, மணவறையில் பிள்ளையார் பூசை, காப்புக் கட்டுதல், பொம்பிளை வருதல், கன்னிகாதானம், கூறை கொடுத்தல், பொம்பிளை கூறை உடுத்து வருதல், தாலி, மாலை மாற்றுதல், அம்மி மிதித்தல், அருந்ததி காட்டல், அறுகரிசி. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விடயம் எழுதினோம்: யார் செய்வார், எந்தப் பக்கம் பார்த்து நிற்பார், எவ்வளவு நேரம் எடுக்கும்.

முகூர்த்தம் என்றால் என்ன என்று விளக்கத் தேவையே இருக்கவில்லை. "நெகத் தானே அக்கா" என்றார். பொறுவவிலும் நிமிடம் பார்த்துத்தான் ஏறுவார்கள், இறங்குவார்கள். வித்தியாசம் என்னவென்றால், எங்கள் கலியாணத்தில் தாலிக்கு முன்னும் பின்னும் மணிக்கணக்கில் கிரியை தொடர்ந்து நடக்கும். நடுவில் நிறுத்தி இந்தப் பக்கம் பாருங்கள் என்று சொல்ல இடமில்லை.

அதனால் ஒரு கிழமை முந்தி மல்லியை ஐயரிடம் கூட்டிப் போனேன். இப்படி யாரும் கூட்டி வந்ததில்லை என்று ஐயரே ஆச்சரியப்பட்டார். பிறகு தேத்தண்ணி குடித்தபடி சொன்னார்: "தம்பி, மந்திரம் சொல்லேக்க என்னை நிப்பாட்டக் கூடாது. ஆனா தாலியைத் தட்டில வைச்சுச் சபைக்குக் காட்டக் குடுத்துவிடுவன். தட்டு திரும்பி வாறதுக்கிடையில உங்கட இடத்துக்கு வந்திடுங்கோ. நான் கையைத் தூக்கினாத்தான் கெட்டிமேளம். சத்தத்தைப் பாக்காதேங்கோ, என்ர கையைப் பாருங்கோ." போன கலியாணத்தில் மல்லிக்குத் தவறியது இதுதான். மேளத்தை எதிர்பார்த்து நின்றிருக்கிறார், மேளம் முழங்கும்போது மாப்பிள்ளையின் கை ஏற்கெனவே கழுத்தடியில் இருக்கும். தாளில் 'தாலித் தட்டு சபைக்குப் போகிறது' என்ற வரிக்குக் கீழே அவர் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டார்.

அந்தச் சந்திப்பில் நான் கேட்க நினைத்திருந்த முக்கியமான கேள்வியையும் கேட்டேன். அம்மம்மாவுக்கு 88 வயது, சக்கர நாற்காலி. மணவறையில் வந்து அறுகரிசி போட ஏலாது. என்ன செய்யலாம்? ஐயர் யோசிக்கவே இல்லை. "பிள்ளையள் இறங்கி அவவிட்டப் போகட்டும். தட்டை நான் குடுத்துவிடுறன்." ஒன்பது வருடத்துக்கு முந்தி இதை நான் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். அன்றிரவு வீட்டுக்கு வந்து சும்மா இருந்து அழுதேன்.

பெயர்ப் பட்டியல்

எடுக்கவேண்டிய குழுப் படங்களை எல்லாரும் சேர்ந்து எழுதியதில் 61 வந்தது. மாமி வீடு தனியாக, மாமி வீடு பெரியம்மா வீட்டோடு, மாமா ஒபிஸ் ஆட்கள், கனடாச் சித்தப்பா குடும்பம், அப்பாவின் பள்ளிக்கூட நண்பர்கள். மல்லி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தி எடுக்க ஒரு குழுவுக்கு இரண்டு நிமிடம் வேண்டும் என்றார். இரண்டு மணித்தியாலம். அதுவரை பந்தி காத்திருக்குமா, பொம்பிளையால் நிற்க முடியுமா? ஒரு சனிக்கிழமை பின்னேரம் முழுக்க இருந்து 18 ஆகக் குறைத்தோம். மனத்தாங்கல் வராமல் இல்லை. பெரியம்மா இரண்டு நாள் அம்மாவோடு கதைக்கவில்லை.

குறைத்த பட்டியலைக் கொடுத்தால் மட்டும் போதாது, முகத்தைக் காட்ட ஆள் வேண்டும். எங்கள் பக்கத்துக்குச் சித்தப்பாவின் மகன், 19 வயது, ஊர் உறவு எல்லாம் தெரிந்த பிள்ளை. மாப்பிள்ளை பக்கத்துக்கு அவருடைய தங்கச்சி. அன்று முழுக்க இவர்கள் இரண்டு பேருக்கும் வேறு வேலை கொடுக்கவில்லை. "அண்ணா, அந்த நீலச் சேலை எங்கட பெரிய மாமி" என்று காதில் சொல்வதுதான் வேலை. இதற்கு ஆள் ஒதுக்குவதைப் பெரியவர்கள் வீண் என்று நினைத்தார்கள். எனக்கு இதைவிட முக்கியமான வேலை அன்று மண்டபத்தில் இருக்கவில்லை.

வெளிச்சம்

கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம், மணவறை சோடித்துக்கொண்டிருக்கும்போது மல்லி வந்தார். அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குத் தனிக் காசு வாங்கவில்லை. நான் கொடுத்திருப்பேன், அவ்வளவு பெறுமதி.

மணவறைக்குப் பின்னால் ஊதாவும் நீலமுமாக எல்ஈடி விளக்குகள் பூட்டியிருந்தார்கள். கண்ணுக்கு வடிவு. கமராவில் ஒரு படம் எடுத்துக் காட்டினார், மணவறையில் சும்மா இருந்த என் கன்னம் நோய்காரியின் கன்னம்போல் ஊதாவாக இருந்தது. சடங்கு நேரத்துக்கு மஞ்சள் சாயலான வெள்ளை விளக்கு மட்டும், நிற விளக்கு இரவு வரவேற்புக்கு என்று சோடனைக்காரரோடு பேசி முடித்தோம். இன்னொன்று, இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்ஈடி விளக்குகள் அதன் இரட்டிப்பாக, செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. சத்தமில்லாத ஷட்டரில் வேகமாக எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். ஐயருக்கு இடைஞ்சல் இல்லாமல் சத்தமில்லாத ஷட்டர் போட நினைத்திருந்தவர், அங்கேயே பரிசோதித்து அதைக் கைவிட்டார். கலியாணத்தன்று காலையில்தான் பட்டையைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்போம்?

கூறை அரக்குச் சிவப்பு. கடும் சிவப்பு கமராவில் சீக்கிரம் நிரம்பிவிடும், சரிகை நெசவு மறைந்து ஒரே திட்டாகத் தெரியும். கூறையை முன்கூட்டியே வெளியே எடுக்க அம்மா விடவில்லை. சட்டைத் துணியில் மிஞ்சிய துண்டைக் கொடுத்தோம், அதை வைத்து எவ்வளவு குறைத்து எடுக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டார்.

ஜெனரேட்டரைப் பற்றியும் கேட்டோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க மின்சாரம் நின்றதை யார் மறப்பார்? ஜெனரேட்டர் இருக்கிறது, ஆனால் மணவறை விளக்கின் வயர் அதில் இல்லை என்று தெரியவந்தது. அன்றே மாற்றித் தந்தார்கள்.

பிறகு அவர் மண்டபத்தைச் சுற்றி நடந்தார். மேற்குப் பக்கக் கதவைத் திறந்தார். கடற்பக்கத்து வெளிச்சம் நிலத்தில் ஒரு பாய் அளவு விழுந்தது. "அக்கா, அம்மம்மாவை எங்க இருத்தப் போறீங்க?" என்று கேட்டார். முன்வரிசை நடுவில் என்றேன். "அங்க மேல் லைட் கண்ணுக்குக் கீழ கறுப்பு நிழல் போடும். இந்தக் கதவடியில மூணாவது வரிசை ஓரம் இருத்துவமா? காத்தும் வரும், பொம்பிளை மாப்பிள்ளை இறங்கி வர வழியும் இருக்கு." மூன்றாம் வரிசை என்றதும் எனக்கு வாய் எழவில்லை. அவருக்கு அப்பம்மாவின் கதை அதுவரை தெரியாது. அங்கே நின்றபடியே சொன்னேன். தாளை எடுத்து, மண்டப வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார்.

அன்றைய நாள்

சுபமுகூர்த்தம் 9.12 முதல் 10.24 வரை. நாலு மணிக்கே தலை அலங்காரம் தொடங்கியது. மாப்பிள்ளை 7.45க்கு வந்து இறங்கினார். கன்னிகாதானம் வரை தாளில் போட்டபடி போனது.

கூறை கொடுத்துப் பொம்பிளை உடுக்கப் போகும் இடைவெளிக்கு 20 நிமிடம் போட்டிருந்தோம். 36 ஆனது. கொசுவம் சரிவரவில்லை, மறுபடி கட்டினார்கள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார், அப்பா என்னைப் பார்த்தார். மண்டபத்தில் அந்த நேரம் சும்மா போகிற நேரம், எல்லாரும் கதைத்துக்கொண்டிருப்பார்கள். மல்லியின் உதவியாளர் அதை வீணாக்கவில்லை. சித்தப்பாவின் மகனோடு வரிசை வரிசையாகப் போய், எழும்பச் சொல்லாமல், நிமிர்ந்து பார்க்கச் சொல்லாமல், பெரியவர்களை இருந்த இடத்திலேயே எடுத்தார். அந்த அரை மணியில் எடுத்த 74 படங்கள்தான் இன்று உறவுகள் அதிகம் கேட்டு வாங்குகிறவை. பருத்தித்துறையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த பெரிய ஐயா, தோளில் சால்வையோடு பக்கத்து ஆளின் காதுக்குள் எதையோ சொல்லிச் சிரிக்கிற படம் ஒன்று இருக்கிறது. அவர் கமராவைப் பார்த்துச் சிரித்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை.

தாலித் தட்டு சபைக்குப் போனபோது மல்லி மணவறைக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். உதவியாளர் பக்கவாட்டில். தோழி பின்னால் நின்று மாலையையும் சடையையும் தூக்கிப் பிடிப்பதால் நேர் பின்னால் இருந்து முடிச்சுத் தெரியாது என்பதை முதல்நாளே நடித்துப் பார்த்திருந்தோம். கைபேசியோடு படியில் ஏற வந்தவர்களைத் தோழன் தடுத்தான். ஐயர் கையைத் தூக்கினார். 10.02க்குத் தாலி ஏறியது. லண்டனில் விடிய 5.32, டொரொன்டோவில் நள்ளிரவு தாண்டி 12.32. நேரலையில் பார்த்திருந்த கனடாச் சித்தப்பா வீட்டில் பிள்ளைகளையும் எழுப்பி இருத்தியிருந்தார்களாம். மூன்று முடிச்சும் படத்தில் இருக்கின்றன.

அறுகரிசி முடிந்து இறங்கி வரும் பத்து நிமிடம் தாளில் 11.10 என்று இருந்தது. 11.50 ஆகிவிட்டது. பந்திக்கு ஆட்கள் எழும்பத் தொடங்கிவிட்டார்கள், சமையல்காரர் இரண்டு தடவை ஆளனுப்பினார். பிறகு பார்ப்போம் என்று யாரோ சொன்னார்கள், நான்கூடத் தளர்ந்துவிட்டேன். மல்லி தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மணவறைப் படியில் நின்று, "அக்கா, வட்டம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தங்கச்சியும் மாப்பிள்ளையும் இறங்கினார்கள். ஐயர் அறுகரிசித் தட்டைக் கொடுத்துவிட்டார். கதவடியில் அம்மம்மாவுக்கு முன்னால் இரண்டு பேரும் முழங்காலில் இருந்தார்கள். அம்மம்மாவின் கை நடுங்கியது, அரிசி பாதி மடியில் கொட்டியது, மிச்சத்தைத் தங்கச்சியின் தலையில் வைத்துவிட்டுக் கையை எடுக்கவே இல்லை. மல்லி பிளாஷ் போடவில்லை. கதவு வெளிச்சம் போதுமாக இருந்தது.

கை தவறியவை

மாப்பிள்ளை பக்கத்துப் பாட்டனார் ஒருவர் பந்தியின் பிறகு சொல்லாமல் புறப்பட்டுவிட்டார், அவரோடு சோடிப் படம் இல்லை. பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில் எடுக்க நினைத்தது நடக்கவில்லை. ஆவணியில் சூரியன் 6.15 அளவில் இறங்கும், நாங்கள் மண்டபத்தை விட்டு வெளிக்கிடவே ஆறு மணி. காலி வீதியில் வாகனம் நகரவில்லை. இவை எனக்குப் பெரிய கவலை தரவில்லை.

கவலை தந்தது வேறு. தாலி ஏறும்போது இரண்டு கமராவும் பொம்பிளையில், வீடியோ முழு மணவறையில். அம்மா மணவறைத் தூணுக்குப் பின்னால் நின்றிருக்கிறார், வீடியோவில் சேலை முந்தானை மட்டும் தெரிகிறது. தாளில் தாலிக்கு எதிரே நான் எழுதியது மாப்பிள்ளை, பொம்பிளை, ஐயர், தோழன், தோழி. அம்மாவை எழுதவில்லை.

அந்த முகம் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. என் மகன், எட்டு வயது, கதிரையில் ஏறி நின்று என் கைபேசியில் 11 செக்கன் வீடியோ எடுத்திருக்கிறான். அரைவாசி அவன் விரல். மிச்சத்தில் அம்மா, இரண்டு கையும் கூப்பி, உதடு அசைய நிற்கிறார். அல்பத்தில் பெரிதாகப் போடச் சொல்லிக் கேட்டேன். 1920க்கு 1080 புள்ளிதான் இருக்கிறது, ஆறு அங்குல அகலத்துக்கு மேல் போனால் உடைந்துவிடும் என்றார் மல்லி. ஆறு அங்குலத்திலேயே, தாலிப் படத்துக்கு எதிர்ப் பக்கத்தில் வைத்தார்.

முதல் அறுபது படங்கள் ஒரு கிழமையில் வந்தன. அல்பத்துக்குப் படம் தெரிந்தெடுத்துக் கொடுக்க எங்களுக்குத்தான் ஐந்து கிழமை எடுத்தது, இரண்டு வீடும் ஒத்துவர வேண்டுமே. கொடுத்து ஆறாவது கிழமை அல்பம் வந்தது. அன்றே கடைசிக் கால்வாசியைக் கொடுத்தோம். தங்கச்சியின் முகம் அவளுடைய முகமாகவே இருக்கிறது. அம்மம்மாவின் படத்தைப் பெரிதாக்கி வீட்டு முன்னறையில், அப்பம்மாவின் பழைய அடையாள அட்டைப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம்.

வருகிற தையில் மச்சாளின் கலியாணம். ஒழுங்குத் தாளின் பிரதியை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். தாலி என்ற வரிக்கு எதிரே பென்சிலால் ஒன்று சேர்த்திருக்கிறேன்: அம்மாவின் முகத்துக்கு ஒரு கமரா, தூணுக்கு இந்தப் பக்கம்.